அய்யனார் குதிரைக்கு மெருகு ஏன் இல்லை?

புசா ரோட்டிலிருந்து மெட்ரோ ஏறினால் கைவினை அருங்காட்சியகம். அங்கே நம்ம ஊர் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. "பளபளப்பே இல்லையே தாத்தா, பாதியிலே விட்டுட்டாங்களா?" என்றான் பேரன். பீங்கான் வியாபாரம் பார்த்த எனக்குச் சுருக்கென்றது.

மெருகு என்பது மண்மேல் உருகிப் படியும் கண்ணாடியே. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறைச் சாமான்கள் 1200 டிகிரிக்கு மேல், அடைத்த உலையில் வேகிறவை. வேளார் முறை வேறு. களிமண்ணில் மணலும் உமியும் பிசைந்து, கால்களைக் குழாயாக்கி, உடலை உள்ளே கூடாக எழுப்புகிறார். உமி எரிந்த நுண்துளை வழியே ஆவி போய்விடும், குதிரை வெடிக்காது. வைக்கோலும் வரட்டியும் மூடிய சூளை 1000 டிகிரிகூட எட்டாது. அந்த மெருகு அதில் உருகாது.

உருகவேண்டிய அவசியமும் இல்லையே! நேர்த்திக்குப் புதுக் குதிரை வரும். பழையதை யாரும் ஒட்டவைப்பதில்லை. மழையில் நனைந்து அங்கேயே உதிர்ந்து மண்ணாகும்.