உங்களுக்குத் தெரியுமா? உப்பு அள்ளியதும் குற்றம்!

இரும்பையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால், மரக்காணம் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடக்கும். வெள்ளையர் ஆட்சியில் அனுமதி இல்லாமல் எடுத்த உப்புக்கு ஆங்கிலத்தில் 'கான்ட்ராபேண்ட்' என்று பெயர். 'ஆணைக்கு எதிரானது' என்பது அச்சொல்லின் இத்தாலிய வேர்ப்பொருள். நம் வழக்கில் கள்ள உப்பு.

1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அவர் செய்தது கொலையா, களவா?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலச் சட்டத்தில் இரண்டு லத்தீன் சொற்கள் இருக்கின்றன. கொலைபோல இயல்பிலேயே தீயது 'மாலம் இன் சே'. அரசு தடுத்ததால் மட்டும் குற்றமாவது 'மாலம் புரோஹிபிட்டம்'. உப்பு இரண்டாவது வகை. ஏழையின் கஞ்சிக்கு வேண்டியதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது பெருங்கொடுமை.

பேச்சில் நாம் 'கிரைம்' என்கிறோம். குற்றச்சாட்டு என்ற பொருளும் உடைய 'கிரிமென்' என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். ஆனால் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் வரையறுத்த சொல் 'அஃபென்ஸ்', அதாவது தண்டனைக்குரிய செயல். அதே சட்டத்தில் நம் நாட்டுச் சொல்லும் ஏறியது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் 'டெக்காய்ட்டி'. இந்தியில் கொள்ளைக்காரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது.

2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. உப்பு வரியோ 1947-லேயே ஒழிக்கப்பட்டது.