உறையை எறியாதீர்கள்: போலிப் பொருள்களும் நம் சிறுநீரகமும்

போலிப் பொருள் என்றவுடன் நடைபாதைக் கடைகளில் தொங்கும் கைப்பைகளும், புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்து மாறிய காலணிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும், இழப்பு அந்த நிறுவனத்துக்குத்தானே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அதே வணிகப் பாதையில்தான் பற்பசையும் முகப்பூச்சும் மருந்தும் பயணம் செய்கின்றன. உடலில் சேரும் பொருள் போலியாக இருந்தால், இழப்பு நிறுவனத்தோடு நிற்பதில்லை. சிறுநீரகவியல் துறையில் பணிபுரியும் நாங்கள் இதைப் பற்றி எழுத முற்பட்டதற்குக் காரணம், அந்த இழப்பைப் பல நேரங்களில் முதலில் தாங்குவது சிறுநீரகங்களே என்பதுதான்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையே நடந்த போலிப் பொருள் வணிகத்தின் மதிப்பு ஏறத்தாழ 46,400 கோடி டாலர். இது உலக வணிகத்தில் 2.5 விழுக்காடு. இன்று இப்பொருள்கள் பெரிய கப்பல் கொள்கலன்களில் மட்டுமின்றி, அஞ்சல் வழி வரும் சிறு பொதிகளாகவும் வீட்டு வாசலை அடைகின்றன. மருந்துகளைப் பொறுத்தவரை, குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் பத்தில் ஒன்று தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது.

பனாமாவில் ஒரு புதிர்

மத்திய அமெரிக்க நாடான பனாமாவில் 2006ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அரசு மருத்துவமனைக்கு நோயாளிகள் விசித்திரமான அறிகுறிகளுடன் வரத் தொடங்கினர். முதலில் சிறுநீர் குறைந்தது. பின்னர் கைகால்கள் தளர்ந்தன, சிலருக்கு முகத்தசைகளும் செயலிழந்தன. அவர்களுள் பலர் இரத்த அழுத்தத்துக்காக லிசினோபிரில் என்னும் மாத்திரையை உட்கொண்டவர்கள். எனவே ஐயம் முதலில் அந்த மாத்திரையின் மேல் விழுந்தது.

புதிரை அவிழ்க்க உதவியவர் மாரடைப்புக்காக அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ஒருவர். அவருக்கு இந்த அறிகுறிகள் மருத்துவமனையில் இருக்கும்போதே தோன்றின. ஆகவே அவர் உட்கொண்டவை அனைத்தும் மருத்துவக் குறிப்பேட்டில் இருந்தன. லிசினோபிரில் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அவருக்கும் இருமல் வந்தது. அதற்கு இருமல் மருந்து கொடுக்கப்பட்டது. குற்றம் மாத்திரையில் இல்லை, அந்த இருமல் மருந்தில் இருந்தது. அக்டோபரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் நடந்த சோதனை, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு கலந்திருந்ததை உறுதி செய்தது.

சர்க்கரை சேர்க்காத பாகு மருந்துகளுக்குக் கிளிசரின் அடிப்படைப் பொருளாகப் பயன்படுகிறது. டைஎத்திலீன் கிளைகால் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான். பார்வைக்கும் சுவைக்கும் கிளிசரினைப் போன்றது, விலை குறைவு. உடலுக்குள் சென்றதும் அது வேறொரு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்களை அழிக்கிறது. நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன.

அந்த நச்சு வந்த வழியைப் பின்னர் பத்திரிகையாளர்கள் தேடிக் கண்டறிந்தனர். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து 46 பீப்பாய்கள் புறப்பட்டன. பெய்ஜிங் வணிக நிறுவனம் ஒன்றின் வழியாக ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கும், அங்கிருந்து பனாமாவின் இறக்குமதியாளருக்கும், இறுதியில் மருந்து தயாரிக்கும் அரசு ஆய்வகத்துக்கும் அவை கைமாறின. 99.5 விழுக்காடு தூய கிளிசரின் என்று சான்றிதழ் சொன்னது. வழியில் உண்மையான உற்பத்தியாளரின் பெயர் காகிதங்களிலிருந்து மறைந்துபோயிற்று. பீப்பாயைத் திறந்து சோதிக்காமல் ஒவ்வொருவரும் முந்தையவரின் காகிதத்தையே நம்பினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பற்பசையின் மேல் எழுத்துப் பிழை

அடுத்த ஆண்டு, 2007 மே மாதம், அதே பனாமாவில் எட்வார்டோ அரியாஸ் என்னும் அரசு ஊழியர் கடையொன்றில் மலிவு விலைப் பற்பசையைக் கண்டார். அதன் உறையில் உட்பொருள்களின் பட்டியலில் டைஎத்திலீன் கிளைகால் என்று அச்சிடப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டின் துயரத்தை நினைவில் வைத்திருந்த அவர், ஒரு குழாயை வாங்கி அதிகாரிகளிடம் கொண்டுபோனார். அதன் பிறகு பல நாடுகளில் அத்தகைய பற்பசைகள் திரும்பப் பெறப்பட்டன.

சில வாரங்களில் அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து மாநிலங்களின் மலிவு விலைக் கடைகளில் கோல்கேட் பெயரில் போலிப் பற்பசை இருப்பது தெரியவந்தது. அதிலும் இந்த நச்சு இருக்கக்கூடும் என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தென்னாப்பிரிக்காவில் தயாரிக்கப்பட்டது என்று உறை சொன்னது. அந்த நிறுவனமோ அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பற்பசை அனுப்புவதே இல்லை. உறையில் ‘ஆப்பிரிக்கா’ என்னும் சொல்லிலேயே எழுத்துப் பிழை இருந்தது. உறையை நின்று படித்த எவரும் அதைக் கண்டிருக்க முடியும்.

நமக்கு அருகில்

இவை தொலைதூரச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தாங்கள் கண்ட 22 நோயாளிகளைப் பற்றி எழுதியுள்ளனர். அனைவருக்கும் சிறுநீரக வடிகட்டிகளின் சவ்வு பாதிக்கப்பட்டுச் சிறுநீரில் புரதம் கசியும் நோய். அவர்களுள் 15 பேருக்கு இருந்தது ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் சிவப்பழகு கிரீம் பூசியிருந்தனர். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது ஆறுதலான செய்தி.

இத்தகைய கிரீம்களில் குற்றவாளி பாதரசம். அது தோலின் நிறமியைத் தடுத்து முகத்தை வெளுப்பாகக் காட்டும். தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடையும். தயாரிப்பாளர் பெயரோ உரிம எண்ணோ இல்லாத டப்பாக்களும், வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று கைமாறும் பொருள்களும் இவ்வகையில் ஆபத்தானவை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தி, உரிமமற்ற அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

பீப்பாய்கள் கடந்த துறைமுகங்களில் நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கடையிலிருந்து வீட்டுக்குப் பொருள் கைமாறும் கடைசி இடம் நம்முடையது. அங்கே சில பழக்கங்களை மேற்கொள்ளுங்கள்.

மருந்தை உரிமம் பெற்ற கடையில் இரசீதுடன் வாங்குங்கள். இரசீதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். முழு அட்டையும் வாங்காதபோது, தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உள்ள பகுதி உங்களிடம் வருமாறு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரிக்கப்படும் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் உறையில் கியூ.ஆர். குறியீடு கட்டாயம். கைப்பேசியால் அதைப் படித்தால் வரும் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை உறையில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும்.

முகப்பூச்சு, தலைச்சாயம் போன்றவற்றில் தயாரிப்பாளரின் முகவரியும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லையென்றால், கொடுத்தவர் நெருங்கிய உறவினரே ஆனாலும் பூசாதீர்கள்.

வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரையின் நிறமோ சுவையோ அச்சோ மாறியிருந்தால், மருந்தாளுநரிடமோ எங்களிடமோ காட்டுங்கள். ஐயத்தால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்த மருந்தையும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்தையும் திடீரென நிறுத்துவது போலி மருந்தைப் போலவே ஆபத்தானது. மருந்தால் தீய விளைவு ஏற்பட்டதாகக் கருதினால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் நீங்களே தெரிவிக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பனாமாவின் புதிர் அவிழ்ந்ததற்குக் காரணம், ஒரு நோயாளி உட்கொண்ட ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருந்ததே. புறநோயாளிப் பிரிவில் “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன பூசுகிறீர்கள்?” என்று நாங்கள் கேட்கும்போது, பலர் மாத்திரைகளை மட்டும் சொல்கிறார்கள். முகத்துக்குப் பூசும் கிரீமைச் சொல்ல இளம்பெண்களும் இளைஞர்களும் கூசுகிறார்கள். உடன் வந்த பெற்றோர் எதிரில் சொல்லத் தயங்கினால், தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு ஏற்பாடு செய்வோம். கடிந்துகொள்வதற்காக நாங்கள் கேட்பதில்லை. கால் வீக்கமோ, நுரைத்த சிறுநீரோ கண்டு நீங்கள் வரும்போது, அதன் காரணம் உங்கள் குளியலறை அலமாரியில் இருக்கக்கூடும்.

ஆகவே அடுத்த முறை வரும்போது மருந்து, சூரணம், சத்துப்பொடி, கிரீம் என வீட்டில் பயன்படுத்தும் அனைத்தையும் உறையோடும் இரசீதோடும் ஒரு பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். தீர்ந்துபோன டப்பாவானாலும் எறியாமல் எடுத்துவாருங்கள்.