படித்தது ஒரு வருஷம். காத்திருந்தது 13 வருஷம்!
அர்ச்சகர் சர்ட்டிபிகேட் வாங்கிய வாலிபர்களின் கதை

திருவண்ணாமலை:

பௌர்ணமி ராத்திரி. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டரும் தலை, தலை, தலை! இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசானிய லிங்கம் வரை எட்டு இடத்திலும் கையை நீட்டுகிறோம். உள்ளேயிருந்து ஒரு கை விபூதி கொடுக்கிறது. கும்பிட்டு விட்டு நடையைக் கட்டுகிறோம்.

அந்தக் கை அந்த வேலையை எங்கே கற்றது? யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நாடு முழுக்கக் கேட்க வைத்தது ஒரு பயிற்சி வகுப்பு. அதில் ஒன்று நடந்தது இந்த ஊரில்தான்.

2006 மே 23-ந் தேதி அரசு ஒரு உத்தரவு போட்டது. தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து யாராக இருந்தாலும், எந்த சாதியாக இருந்தாலும், கோவில் அர்ச்சகர் ஆகலாம் என்பது உத்தரவு. மறு வருஷமே 6 ஊர்களில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். சைவத்துக்கு மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை. வைணவத்துக்கு திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம்.

பல சாதி வாலிபர்களும் ஒன்றாக உட்கார்ந்து மந்திரம் படித்தார்கள், தேவாரம் பாடினார்கள். ஒரு வருஷப் படிப்பு. 6 பள்ளிகளிலும் சேர்த்து 207 பேர் முடித்து வெளியே வந்தார்கள்.

வந்தார்கள். அப்புறம்?

அப்புறம் ஒன்றும் இல்லை! கேஸ் சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. வேலை யாருக்கும் கிடைக்கவில்லை.

பழைய வழக்கு

இது நேற்று முளைத்த தகராறு அல்ல. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத்தை 1970 டிசம்பரில் சட்டசபையில் கொண்டு வந்தார் கருணாநிதி. எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972 மார்ச் 14-ல் தீர்ப்பு வந்தது. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்ற உரிமையை நீக்கியது சரி. ஆனால் நியமிக்கும்போது ஆகமத்தை மீறக் கூடாது என்றார்கள் நீதிபதிகள்.

கதவு திறந்த மாதிரியும் இருந்தது, மூடின மாதிரியும் இருந்தது.

207 பேர் படித்து முடித்தபோதும் அதே கதவுதான் எதிரே நின்றது. 2015 டிசம்பர் 16-ல் மறுபடி தீர்ப்பு. ஆகமப்படி நியமனம் செய்யலாம். ஆனால் அரசியல் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கோவிலாகத்தான் பார்க்க வேண்டும். ஜெயித்தது யார் என்று இரண்டு பக்கமும் இன்று வரை வாதம் செய்கிறார்கள்.

கையில் இருக்கிற வித்தை

இங்கே கொஞ்சம் நின்று, இந்த வேலை என்னவென்று பார்க்க வேண்டும். 'மணி அடிக்கிறது, கற்பூரம் காட்டுறது, இதுக்கு என்னய்யா படிப்பு?' என்று கேட்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

சும்மா இல்லை. விடியும் முன்னே எழுந்து குளித்து நடை திறக்க வேண்டும். எண்ணெய், மாவு, மஞ்சள், பால், தயிர், பஞ்சாமிர்தம், இளநீர், சந்தனம் என்று வரிசை தப்பாமல் அபிஷேகம். கல் விக்ரகத்துக்கு வேட்டி கட்டுவது தனி வித்தை. மடிப்பு நழுவினால் அலங்காரமே போச்சு. சந்தனக் காப்பு சாத்துகிற கைக்கு எவ்வளவு பதம், எவ்வளவு ஈரம் என்று தெரிய வேண்டும். தீபாராதனையில் எந்த தீபத்துக்குப் பின் எந்த தீபம்? எந்த முத்திரை? நடுவில் ஒரு அம்மாள் "சாமி, பையன் பேருக்கு அர்ச்சனை" என்பார். பேர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் ஒரு மூச்சில் பிடித்துக் கொள்ள வேண்டும். பின்னால் ஆயிரம் பேர் நெரிக்கிறார்கள்.

இதைப் புஸ்தகம் பாதிதான் சொல்லித் தரும். மீதி, பக்கத்தில் நின்று பார்த்து வருவது.

பரம்பரை வீட்டுப் பையன் சின்ன வயதிலேயே அப்பா பின்னால் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொண்டு போகிறான். பூ எடுத்துக் கொடுக்கிறான். தப்பு செய்தால் அங்கேயே அதட்டல் விழும். வேத பாடசாலைக்கும் போகிறான். மீசை முளைக்கும்போது அவனுக்கு ஐந்தாறு வருஷ சர்வீஸ்! "எங்கள் பிள்ளைகள் இத்தனை வருஷம் பாடுபட்டுக் கற்றதும் ஒரு வருஷப் படிப்பும் ஒன்றாகுமா?" என்று சிவாச்சாரியார்கள் தரப்பு கேட்பது இதனால்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பதிலிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் நிற்க விட்டால்தானே கற்க முடியும்? உள்ளே விடாமலே 'உனக்கு அனுபவம் இல்லை' என்றால் எப்படி?

எந்த ஆபீசுக்குப் போனாலும் இதே பாட்டுத்தான். 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்பான். வேலை கொடுத்தால்தானே சார் எக்ஸ்பீரியன்ஸ் வரும்! கம்பெனிக்காரன் ஆறு மாசத்தில் மனசு மாறுவான். இங்கே மாற வருஷக்கணக்கு ஆனது.

என்ன ஆனார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2007-ல் சேர்ந்தபோது ஒருவனுக்கு 20 வயசு என்று வையுங்கள். 2008-ல் சர்ட்டிபிகேட். முதல் நியமனம் 2018-ல், மதுரை தல்லாகுளம் அய்யப்பன் கோவிலில், ஒரே ஒருவருக்கு! அப்போது இவனுக்கு 31. கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். பெண் பார்க்கப் போன இடத்தில் 'மாப்பிள்ளை என்ன செய்றார்?' என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? 'அர்ச்சகருக்குப் படிச்சிருக்கார், கேஸ் நடக்குது' என்றா?

வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஊர் அம்மன் கோவில், தனியார் கோவில் என்று பூஜை செய்து, கற்றது கை விட்டுப் போகாமல் காத்தவர்கள் உண்டு. சங்கம் சேர்த்துக் கோர்ட்டுப் படி ஏறியவர்களும் உண்டு. திருவண்ணாமலை பள்ளியில் படித்த ரங்கநாதன் அந்தச் சங்கத்தின் தலைவராகி, டெல்லி வரை வழக்கு நடத்தினார். அர்ச்சகருக்குப் படித்தவர், வாய்தா தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

வேலை ஒரு மனிதனைச் செதுக்கும் என்பார்கள். வேலை இல்லாமையும் செதுக்கும். ஒரே வகுப்பில், ஒரே மந்திரம் படித்தவர்கள் மூன்று விதமான மனிதர்களாகப் பிரிந்து போனது இதனால்தான்.

2021 ஆகஸ்டு 14

அன்று சென்னை மயிலாப்பூரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 58 பேருக்குக் கோவில் வேலைக்கான உத்தரவு கொடுத்தார். அதில் 24 பேர் அரசுப் பள்ளியில் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள்.

பேப்பரில் போட்டோ வந்தது. மாலை விழுந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே!

புதுசாகச் சேர்கிறவனுக்கு முதல் மாசம்தான் முக்கியம். மூத்தவர் 'வாப்பா, இதைப் பிடி' என்றால் ஒரு மாதிரி வளருவான். 'அங்கே ஓரமா நில்லு' என்றால் வேறு மாதிரி. சில கோவில்களில் மூலவர் பக்கமே விடவில்லை என்று புகார் எழுந்தது. நியமனத்தை எதிர்த்தும் வழக்கு வந்தது. திருச்சி வயலூர் முருகன் கோவில் அர்ச்சகர்கள் இருவரின் நியமனத்தை 2023 மார்ச்சில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை ரத்து செய்தது. அதே வருஷம் ஜூனில், சேலம் சுகவனேஸ்வரர் கோவில் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஆகமம் தெரிந்தவர் அர்ச்சகர் ஆக சாதி தடையில்லை என்றார். செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இருக்கிற நிலை அப்படியே நீடிக்கட்டும் என்றது.

ஒரே வருஷத்தில் மூன்று உத்தரவு! நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாதவன் இன்றைக்கு எந்த மனசோடு தீபம் காட்டுவான்?

வேலை என்றால் சம்பளமா?

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. அர்ச்சகர் வேலை என்றதும் அண்ணாமலையார் கோவில் மாதிரி 217 அடி ராஜகோபுரமும் நிரம்பி வழிகிற தட்டும்தான் நினைவுக்கு வரும். எல்லாக் கோவிலும் அப்படியா?

ஒரு வேளை விளக்கேற்றவே வழியில்லாத கோவில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கால பூஜைத் திட்டத்தில் இருந்த 12,959 கோவில் அர்ச்சகர்களுக்கு 2021-ல் மாசம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை அறிவித்தது அரசு. ஆயிரம் ரூபாய்! அதுவே பெரிய செய்தியானது. மற்றபடி தட்டில் விழுகிற காசுதான். அப்படிப்பட்ட குருக்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் படித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். அப்பாவுக்கு வயசாகிறது, சாவி வாங்க ஆள் இல்லை.

ஒரு பக்கம் வர மாட்டேன் என்கிற பிள்ளைகள். இன்னொரு பக்கம் விட மாட்டேன் என்கிற வாசல்.

2022-ல் பயிற்சி வகுப்புகள் மறுபடி நடந்தன. 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியிலிருந்து மூன்று பெண்களும் சர்ட்டிபிகேட் வாங்கினார்கள். படித்து முடித்தவர்களைப் பெரிய கோவில்களில் மூத்தவர்கள் கூடவே ஒரு வருஷம் நிற்க வைத்து, கைப்பழக்கம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

2008-ல் வெளியே வந்த முதல் செட்டுக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை. அவர்களில் 20 வயசில் சேர்ந்தவனுக்கு இப்போது 40-க்கு அருகிலோ, அதற்கு மேலோ ஆகியிருக்கும்.