‘ரெண்டாவதுதானே!’

இரவு பதினொரு மணி. பிரசவ வார்டுக்கு வெளியே, சுவரோர பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஓர் ஒயர்கூடை. அதில் வெந்நீர் ஃபிளாஸ்க், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள், பரிசோதனைச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் உறை. மூன்று வயது மூத்த மகள் வீட்டில் பாட்டியோடு தூங்குகிறாள். அவள் பிறந்த இரவில் எதைக் கொண்டுவருவது என்று தெரியாமல் வெறுங்கையோடு ஓடிவந்தவர் இவர். இன்று கூடையில் எதுவும் குறையவில்லை. டீக்கடையிலும் லிஃப்ட் வாசலிலும் பார்ப்பவர்கள் எல்லாம் அவருக்கு ஒரே ஆறுதலைச் சொல்கிறார்கள்: “ரெண்டாவதுதானே, சீக்கிரம் ஆயிடும்.”

இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் ஒரு பெரிய அறிவியல் ஒளிந்திருக்கிறது. உள்ளே வலியோடு போராடும் தாயின் கருப்பை, அதன் ரத்தக்குழாய்கள், அவற்றைக் காக்கும் அணுக்கள், வெளியே காத்திருக்கும் தகப்பனின் ரத்தம், அவருடைய மூளை என்று எல்லாமே ஒருமுறை பாடம் படித்துவிட்டு இந்த இரவுக்கு வந்திருக்கின்றன. உடம்பு எதை நினைவில் வைக்கிறது, எப்படி வைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ‘சீக்கிரம்’. கருப்பை வாய் முழுதாகத் திறக்கும்போது அதன் அகலம் 10 செ.மீ. காப்பி டபராவின் வாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. திறந்ததிலிருந்து முழுதாகத் திறக்கும் வரையான கட்டம் தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டாது என்றும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதன்பின் முக்கித் தள்ளும் கட்டத்துக்கு முதல்முறை 3 மணி நேரம், மறுமுறை 2 மணி நேரம். இவை உச்ச வரம்புகள். பல தாய்மார்களுக்கு இதைவிட வெகு முன்னதாகவே முடிந்துவிடும்.

ஏன் இந்த வேகம்? முதல் பிரசவத்தில் கருப்பை வாய் இரண்டு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. முதலில் மெலிகிறது, பிறகு திறக்கிறது. இரண்டாவது முறை மெலிவதும் திறப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. இடுப்பறையின் தசைகளும் ஒருமுறை விரிந்து பழகியவை. இன்னொரு வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்கள் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள். தலைப்பிள்ளை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே “வயிறு இறங்கிருச்சு” என்பார்கள். குழந்தையின் தலை அப்போதே இடுப்பெலும்புக்குள் வந்து பொருந்திவிடும். இரண்டாவது பிள்ளையோ பெரும்பாலும் வலி தொடங்கும் வரை மேலேயே மிதந்துகொண்டிருக்கும்.

இந்தக் கருப்பையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கர்ப்பம் இல்லாதபோது அதன் எடை சுமார் 70 கிராம், ஓர் எலுமிச்சம்பழம் போல. உள்ளே இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்தான் பிடிக்கும். பேறுகாலம் நெருங்கும்போது அதே உறுப்பு ஒரு கிலோவைத் தாண்டுகிறது. குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாம் சேர்த்து ஐந்து லிட்டர் அளவைத் தாங்குகிறது. பிரசவம் முடிந்த ஆறு வாரங்களில் மீண்டும் கிட்டத்தட்டப் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. இவ்வளவு விரிந்து சுருங்குவதை அது மூன்று வருட இடைவெளியில் இரண்டாம் முறையாகச் செய்து முடிக்கப்போகிறது.

அந்த ஐந்து லிட்டர் உலகத்துக்கு ரத்தம் வேண்டும். கடைசி மாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. இதற்காக அதன் சுவரில் உள்ள மெல்லிய சுருள் தமனிகள் அகன்ற வாய்க்கால்களாக மாற வேண்டும். அதற்கு உதவும் அணுக்களின் பெயர் ‘இயற்கைக் கொல்லி அணுக்கள்’. உடம்பின் மற்ற இடங்களில் நோய்பட்ட அணுக்களைக் கொல்லும் காவலர்கள் இவை. கருப்பைக்குள் வந்ததும் ஆயுதத்தை வைத்துவிட்டு வாய்க்கால் வெட்டும் வேலையில் இறங்குகின்றன. 2018-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களின் கருப்பையில் இந்த அணுக்களுள் ஒரு பிரிவு பழகிய கைகளோடு இருக்கிறது. ரத்தக்குழாய்களை வளர்க்கும் பொருள்களை அது கூடுதலாகச் சுரக்கிறது. இரண்டாவது குழந்தை பொதுவாக முதல் குழந்தையைவிட நூறு கிராம் அளவுக்குக் கூடுதல் எடையோடு பிறப்பதற்குக் கருப்பையின் இந்த முன்தயாரிப்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதிலெல்லாம் தகப்பனுக்கு என்ன பங்கு? நஞ்சுக்கொடியில் அதற்கு விடை இருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள அந்த வட்ட உறுப்பு பிரசவத்துக்குப் பின் தாயின் உடலிலிருந்து வெளியே வருவதால் அதைத் தாயின் உறுப்பு என்றே நினைக்கிறோம். உண்மையில் அது குழந்தையின் உறுப்பு. அதற்குள் இருக்கும் நுண்ணிய விரல்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரை முழுவதும் நிறையும். 1984-இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழு எலிகளின் கருமுட்டைகளில் ஒரு சோதனை செய்தது. தாய்வழி மரபணுத் தொகுதிகள் இரண்டை மட்டும் வைத்த கருக்களில் சிசு ஓரளவு வளர்ந்தது, நஞ்சுக்கொடித் திசு தேறவில்லை. தகப்பன்வழித் தொகுதிகள் இரண்டை வைத்தபோது நஞ்சுக்கொடித் திசு செழித்தது, சிசு தேறவில்லை. தாயிடமிருந்து வந்ததா, தகப்பனிடமிருந்து வந்ததா என்ற அடையாளம் சில மரபணுக்களின் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ‘மரபணு முத்திரை’ என்று பெயர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஒன்பது மாதமும் வேடிக்கை பார்த்ததாக நினைக்கலாம். அவர் தந்த மரபணுக்களோ பிள்ளைக்குச் சோறூட்டும் உறுப்பை உள்ளே இரவும் பகலும் கட்டிக்கொண்டிருந்தன.

அவருடைய மூத்த மகளும் உள்ளே இருக்கிறாள். இது உவமை அல்ல. கர்ப்பத்தின்போது சிசுவின் அணுக்கள் சில நஞ்சுக்கொடியைக் கடந்து தாயின் ரத்தத்தில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. இதை ‘நுண்கலப்பு’ எனலாம். 1996-இல் அமெரிக்க மருத்துவர் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் அணுக்களைக் கண்டெடுத்தது. ஒவ்வொரு பிள்ளையின் அணுவிலும் பாதி தகப்பனுடையது. ஆக, மூன்று வருடமாக மனைவியின் உடலுக்குள் மகளும், மகள் வழியாக அவரும் வாழ்ந்துவருகிறார்கள். தாயிடம் தங்கிய மூத்த பிள்ளையின் அணுக்கள் அடுத்த பிள்ளைக்குள்ளும் போகக்கூடும் என்பதற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன.

உடம்பின் நினைவு எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்ல முடியாது. கூடையிலுள்ள பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு ரத்தவகையைச் சொல்கிறது. தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். முதல் பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் தயாரிக்கக் கற்றுக்கொள்ளும். பாடம் படித்து முடிப்பதற்குள் முதல் பிள்ளை பத்திரமாக வெளியே வந்திருக்கும். ஆபத்து அடுத்த பிள்ளைக்கு. மறுமுறை பாசிட்டிவ் சிசு உருவானால், தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து அதன் சிவப்பணுக்களை அழிக்கும். எத்தனையோ குடும்பங்கள் காரணம் தெரியாமலே இரண்டாவது, மூன்றாவது பிள்ளையை இழந்திருக்கின்றன.

1968-இல் புழக்கத்துக்கு வந்த ஆன்ட்டி-டி ஊசி இதை மாற்றியது. அதன் உத்தி அழகானது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், தாயின் உடலுக்குள் நுழைந்த குழந்தையின் சிவப்பணுக்களை அது முன்கூட்டியே துடைத்துவிடும். தாயின் உடல் பாடம் படிக்கவே வாய்ப்பில்லை. இந்த ஊசிக்கான மூலப்பொருள் மனித ரத்தத்திலிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தன் வாழ்நாளில் 1,173 முறை தானம் செய்தார். மூத்தவள் பிறந்தபோது தாய்க்குப் போட்ட ஓர் ஊசி, அன்று கருவில்கூட இல்லாத தம்பிக்கோ தங்கைக்கோ போட்ட காப்பு.

இப்போது பெஞ்சுக்கு வருவோம். அங்கே உட்கார்ந்திருக்கும் உடம்பிலும் மாற்றங்கள் நடக்கின்றன. 2000-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஆன் ஸ்டோரியும் அவருடைய குழுவினரும் பேறுகால வகுப்புகளுக்கு வந்த 34 தம்பதியரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிரசவம் நெருங்கியபோது கணவர்களிடமும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மனைவியின் மசக்கையைப் போலவே தாங்களும் சோர்வு, பசி மாற்றம் ஆகியவற்றை உணர்ந்ததாகச் சொன்ன ஆண்களிடம் புரோலாக்டின் இன்னும் அதிகம்.

புரோலாக்டின் என்றால் பால் சுரக்கவைப்பது என்று பொருள். ஆணுக்கு அது எதற்கு? இந்த ஹார்மோன் கண்டறியப்பட்ட கதையே விடை சொல்லும். 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்கார் ரிடில் அதைப் பிரித்தறியப் பயன்படுத்தியது புறாக்களை. புறாக்கள் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் தயிர்த் திரள் போன்ற ஒரு பாலைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். அதைச் சுரப்பது தாய்ப்புறா மட்டுமல்ல, தகப்பன்புறாவும்தான். பெயரில் தாய்மையைச் சுமக்கும் இந்த ஹார்மோன், தொடக்கத்திலிருந்தே தகப்பன்மாருக்கும் சொந்தம்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவதை நலிவு என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்சின் செபு நகரில் 624 இளைஞர்களை 2005 முதல் 2009 வரை பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் இந்த ஹார்மோன் அதிகம் இருந்தவர்களே பின்னாளில் தகப்பனாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தகப்பனானதும் அவர்களிடம் அது சரிந்தது. நாளொன்றுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் மிகக் குறைவு. துணை தேடும் நாட்களுக்கு ஒரு சுருதி, பிள்ளை சுமக்கும் நாட்களுக்கு இன்னொரு சுருதி.

இரண்டாம் முறை தகப்பனாகிறவரின் சுருதி விரைவாகச் சேர்கிறதா? கொலம்பியக் காடுகளில் வாழும் பஞ்சுத்தலை டாமரின் என்ற சின்னஞ்சிறு குரங்கு இங்கே வழிகாட்டுகிறது. அதற்குப் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். அவற்றைச் சுமப்பதில் தகப்பனுக்குப் பெரும்பங்கு. துணை கர்ப்பமாக இருக்கும்போதே ஆணுக்கும் எடை கூடுகிறது. பெண்ணின் கர்ப்பம் பாதிக் கட்டத்தைத் தாண்டும்போது அதன் சிறுநீரில் ஹார்மோன்கள் மாறும். முன்பே குட்டி வளர்த்த ஆண்களின் உடல், இந்த மாற்றத்தை ஒட்டியே பதில் தருகிறது. அனுபவம் குறைந்த ஆண்களிடம் அந்தப் பதில் தாமதமாகவும் மங்கலாகவும் வருகிறது.

நம் ஊரில் பல குடும்பங்களில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்காகப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அப்போதெல்லாம் கடைசி மாதங்களின் கால்வீக்கத்தையும் தூக்கமற்ற இரவுகளையும் கணவன் அருகிருந்து பார்ப்பதில்லை. இரண்டாவது பேறு பெரும்பாலும் அவன் கண்ணெதிரேயே நடக்கிறது. நம் தகப்பன் இம்முறை மனைவியின் வயிற்றில் கைவைத்து அசைவுகளை எண்ணியவர். அவளும் இம்முறை முதல் அசைவை முன்னதாகவே உணர்ந்துவிட்டாள். தலைச்சன் துடிப்பு வழக்கமாக 18 முதல் 20 வாரத்தில் தெரியும், அடுத்த பிள்ளையின் துடிப்பு 16-ஆவது வாரத்திலேயே பலருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய மூளையும் பழையது அல்ல. 2022-இல் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் 40 ஆண்களின் மூளையை, முதல் பிள்ளை பிறப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். மூளைப் புறணியின் சில பகுதிகள் ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கியிருந்தன. அடுத்தவர் மனதை ஊகித்தறிய உதவும் பகுதிகளும் அவற்றில் அடக்கம். இதை இழப்பாகப் பார்க்காமல் சீரமைப்பாகவே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். வாழைத்தோட்டத்தில் பக்கக்கன்றுகளை வெட்டுவது தார் பெருக்கத்தானே. மூன்று வருடமாக மகளின் அழுகையில் பசி எது, தூக்கம் எது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மூளையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார்.

கதவுக்கு அப்பாலிருந்து ஓர் அழுகை கிளம்புகிறது. அதுவரை நீர் நிறைந்திருந்த நுரையீரல்கள் முதல் காற்றை வாங்கிய ஒலி. 2002-இல் டொராண்டோவில் ஆலிசன் ஃபிளெமிங் குழு பச்சிளம் குழந்தையின் அழுகையை ஆண்களுக்கு ஒலிபரப்பி அவர்களின் ஹார்மோன்களை அளந்தது. முதல்முறை தகப்பனானவர்களைவிட, ஏற்கெனவே பிள்ளை வளர்த்தவர்களிடம் புரோலாக்டின் கூடுதலாக உயர்ந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கும் இவருடைய ரத்தத்திலும் அந்த அலை இப்போது ஏறிக்கொண்டிருக்கலாம். செவிலியர் வெள்ளைத் துணிப் பொதியோடு வெளியே வருகிறார். மூத்தவளை இப்படி நீட்டியபோது, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவர் இவர். இன்று யாரும் சொல்லித்தரவில்லை. இடது கை தானாகவே குழந்தையின் கழுத்துக்கு அடியில் போகிறது.