தறியும் தரையும்

பழம் பத்திரங்களில் ‘தாவர ஜங்கம சொத்துகள்’ என்னும் தொடரைக் காணலாம். நிலைத்து நிற்பது தாவரம். பெயர்ந்து செல்வது ஜங்கமம். ஆணியடித்து நிறுத்திய இயந்திரம் இவற்றுள் எது? உடையவர் நொடித்துப்போய், கடன் கொடுத்தோர் பலரும் சூழ்ந்து நிற்கையில் இவ்வினா எழும். நிலத்தை ஈடாகப் பெற்றவர், இயந்திரம் நிலத்தோடு சேர்ந்தது என்பார். ஏனையோர் அது தனிப்பொருள் என்பர்.

இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி ஆலை ஒன்றைப் பற்றி 1872-இல் இவ்வழக்கு எழுந்தது. தறிகளின் கால்கள் தரையில் ஆணியால் பிணைக்கப்பட்டிருந்தன. எளிதில் கழற்றிவிடலாம். ஆயினும், ஆலை ஆலையாக இயங்கவே அவை பொருத்தப்பட்டன என்று கொண்டு, ஈடு பெற்றவர் பக்கம் தீர்ப்பாயிற்று. நீதிபதி பிளாக்பர்ன் காட்டிய உவமைகள் நம் உரையாசிரியர்களும் மெச்சத்தக்கவை. சாந்தின்றி அடுக்கிய கற்கள் மதிலாய் நின்றால் நிலத்தின் பகுதி. அதே கற்கள் கொத்தனார் முற்றத்தில் குவிந்திருந்தால் வெறும் சரக்கு. நங்கூரமோ எவ்வளவு ஆழப் பதிந்தாலும் நிலத்தைச் சேராது.

1897-இல் வந்த வழக்கு இன்னும் கடுமையானது. மர அறுவை ஆலைக்குத் தவணைமுறையில் ஒருவர் எஞ்சின் கொடுத்தார். தம் பெயர்த்தகடும் அதிற் பதித்திருந்தார். தரையில் முடுக்கப்பட்டிருந்தமையால், தவணை ஒப்பந்தத்தை அறியாது ஆலையை ஈடாக ஏற்றவருக்கே எஞ்சின் சேர்ந்தது. கொடுத்தவர் பாடு இரங்கத்தக்கதே.

மலேசியாவின் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமும், மண்ணோடு பிணைந்தவற்றையும் அவற்றோடு நிலையாகப் பூட்டியவற்றையும் நிலம் என்றே கொள்கிறது. தோட்டத்து டிராக்டர் ஓடித்திரிவது, ஐயமில்லை. தொழிற்கூடத்துச் சிமெண்டுத் தளத்தில் பூட்டிய எஞ்சினை நம்பிக் கடன் கொடுப்பவரோ, அந்த நிலம் யாரிடம் ஈடாக இருக்கிறது என்பதை முதலில் விசாரித்தாக வேண்டும்.