மெல்லிய மனத்தோர்

சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு நாள் முழுவதும் உறுத்திக்கொண்டிருக்க, பக்கத்து மேஜைக்காரர் வாய் திறவாமலே அவருடைய மனவருத்தத்தை முகத்தின் சிறு சுளிப்பிலிருந்து அறிந்துகொண்டு, மாலையில் களைத்துப்போய் விளக்கை அணைத்துவிட்டுத் தனியே கிடக்க விரும்பும் மனிதர்கள் நம்மிடையே உண்டு. இவர்களைத் தொட்டாற்சிணுங்கிகள் என்று ஒதுக்குவது பெரும் அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எலைன் ஆரோன் 1996-இல் இவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, மறுவருஷம் கணவர் ஆர்தர் ஆரோனுடன் சேர்ந்து 27 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலையும் பிரசுரித்து, இது வியாதியன்று, பிறவி ஸ்வபாவமே என்று எடுத்துரைத்தார். ஜனங்களில் 15 முதல் 20 சதவீதத்தினர் இத்தகையவர் என்பது அவர் கணிப்பு. இதைக் கூச்சம் என்று கொள்வது பிசகு; இவர்களில் சுமார் 30 சதவீதத்தினர் கலகலப்பாகப் பழகுகிறவர்களே என்கிறார் அவர்.

கண்ணும் காதும் பிறரைவிடக் கூர்மையாக இருப்பதல்ல விஷயம். அவை கொண்டுவந்து சேர்ப்பவற்றை மூளை மிக ஆழமாகப் பரிசீலிக்கிறது. 2014-இல் பியாங்கா அசெவெடோவும் சகாக்களும், வாழ்க்கைத் துணைவரின் மகிழ்ச்சியும் சோகமும் தோய்ந்த முகப்படங்களைக் காட்டியபடி இத்தகையோரின் மூளையை ஸ்கேன் செய்தபோது, கவனத்துக்கும் பரிவுக்கும் உரிய பகுதிகள் அதிகமாகக் கிளர்ந்தன.

கடுமையில் மிகுதியாக வாடும் இவர்களே ஆதரவில் மிகுதியாகத் தளிர்க்கிறார்கள். மைக்கேல் புளூஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2015-இல் பிரசுரித்த ஆய்வில், இங்கிலாந்தின் ஏழ்மையான பகுதியொன்றில் 11 வயதுச் சிறுமிகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி பள்ளியிலேயே அளிக்கப்பட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பயிற்சியால் பயனடைந்திருந்தவர்கள் மென்மை மிகுந்த சிறுமிகளே.