திருவக்கரை மரங்களுக்கு இளைய நட்சத்திரங்கள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். வானத்தில் தெரிவதெல்லாம் இந்த மரங்களுக்கு மூத்தது என்றே நினைப்போம். அப்படியில்லை. மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரை நட்சத்திரத்தின் வயது சுமார் 1 கோடி ஆண்டுகள்தான். அதற்கு அருகில் தெரியும் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தில் உள்ளவை இன்னும் இளசு. பல நட்சத்திரங்களுக்கு வயது சில லட்சம் ஆண்டுகளே. இன்றும் அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

பிறக்கும் இடம் மாபெரும் வாயு மேகம். பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம். எடையில் நூற்றில் ஒரு பங்கு தூசு. சிகரெட் புகைத் துகளைப் போல நுண்ணிய தூசுதான், ஆனால் அது செய்யும் வேலை பெரிது. வெளியிலிருந்து வரும் நட்சத்திர ஒளியை அது தடுத்துவிடுவதால் மேகத்தின் உட்புறம் மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது.

இந்தக் குளிர் இல்லாமல் நட்சத்திரம் இல்லை. சூடான வாயு வெளிநோக்கித் தள்ளும். ஈர்ப்புவிசை உள்நோக்கி இழுக்கும். வாயு குளிர்ந்தால் தள்ளும் வலு குறைகிறது, ஈர்ப்பு வென்றுவிடுகிறது. எவ்வளவு நிறை சேர்ந்தால் மேகம் சரியும் என்ற கணக்கை 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் போட்டுக்காட்டினார்.

அப்படியானால் எல்லா மேகங்களும் எப்போதோ சரிந்து நட்சத்திரங்களாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. நம் பால்வீதி முழுவதிலும் ஆண்டுக்குச் சில சூரியன்களின் நிறை அளவுக்குத்தான் நட்சத்திரங்கள் உருவாகின்றன. மேகத்துக்குள் இருக்கும் கொந்தளிப்பும் காந்தப்புலமும் சரிவைத் தடுத்து நிறுத்துகின்றன. காந்தப்புலத்தின் இந்தப் பங்கை 1953இல் என்ரிகோ ஃபெர்மியுடன் சேர்ந்து ஆராய்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். வெண்குறுமீன் நட்சத்திரங்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லையோடு அவர் பெயரை நிறுத்திவிடுகிறோம். இந்த ஆய்வும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

தடையை மீறிச் சரியும் இடங்களில் வாயு கட்டிகளாகத் திரள்கிறது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமெடுக்கிறது. சுற்றிலும் தட்டு உருவாகிறது. நடுப்பகுதி நெருக்கத்தால் சூடேறி, சுமார் 1 கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்குகிறது. இந்த நிலையை அடையச் சூரியனுக்குச் சுமார் 5 கோடி ஆண்டுகள் பிடித்தன. எடை மிகுந்தவற்றுக்கு அத்தனை காலம் வேண்டாம். தட்டில் மிஞ்சியது கோள்களாகிறது. ஓரியனில் அத்தகைய தட்டுகளை ஹப்பிள் தொலைநோக்கி 1990களில் படம்பிடித்தது.

ஒரு மேகம் ஒரு நட்சத்திரத்தோடு நிற்பதில்லை. கார்த்திகைக் கூட்டம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மேகத்தில் பிறந்து இன்னும் பிரியாத குடும்பம்.

ஓரியன் நெபுலாவைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. தை மாதக் கடைசியில் இரவு எட்டரை மணிக்குத் தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கு மேலே இடப்பக்கம் செந்நிறத் திருவாதிரை. கீழே மங்கலான புகைத்திட்டு. அதுதான் நெபுலா, தொலைவு சுமார் 1,300 ஒளியாண்டு. திண்டிவனம், விழுப்புரம் நகர வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. விளக்கில்லாத ஏரிக்கரைக்கோ மரக்காணம் கடற்கரைக்கோ சாதாரண பைனாகுலர் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.